என் படத்துக்குக் கீழே அவர் பெயர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதக் காலை. ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து திருச்சி சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி, டீக்கடையில் நின்றேன். கிளாஸை நீட்டிய கடைக்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

"சார், செவுத்துலயும் நிக்கிறீங்க, இங்கயும் நிக்கிறீங்க!"

திரும்பினால், எதிர்ச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். நடுவில் என் முகம். கீழே, முந்தைய நாள் காலமான எங்கள் நாவலாசிரியரின் பெயர்.

'எங்கள்' என்று சும்மா சொல்லவில்லை. அவர் நாவல் வரும் நாளில் கடை திறக்கும் முன்பே போய் நிற்கிற கூட்டம் நாங்கள். என் மகளுக்கே அவர் கதாநாயகியின் பெயர்தான். செய்தி வந்ததிலிருந்து எங்கள் வாசகர் வட்டத்தில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. ஆனால் மனிதர் புத்தகத்தில் தன் படத்தைப் போட விடவே மாட்டார். ஒருமுறை திருச்சிக்குப் பேச வந்தபோது நான் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்றுதான் எங்களிடம் இருந்தது.

போஸ்டர் பொறுப்பை ஏற்றிருந்த நண்பரைக் கூப்பிட்டேன். அலறிவிட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் நிக்கிற படத்தை பிரஸ்காரனுக்கு அனுப்பி, எழுத்தாளரை மட்டும் எடுத்துக்கங்கன்னேன் சார். தாடியும் ஜிப்பாவும் பார்த்து உங்களைப் புடிச்சுட்டான் பாவி! காந்தி மார்க்கெட் பக்கமெல்லாம் வேற ஒட்டியாச்சே!"

மார்க்கெட் என்றதும் போனை வைத்துவிட்டேன். காட்டூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்த என் மனைவி அந்த நேரம் அந்த வழியாகத்தான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். அதற்கு முந்தைய வருடம் எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து, நான் போனை எடுக்கச் சற்றுத் தாமதமானாலே பதறுகிறவள். கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் என் போன் ஓயவில்லை. "அண்ணே, இருக்கீங்களா?" என்று ஒருவர் வைத்தால், "மாமா, நீங்கதானா பேசுறது?" என்று அடுத்தவர். நடுவே அவளும் கூப்பிட்டிருக்கிறாள், லைன் கிடைக்கவில்லை.

தஞ்சாவூர் ரோட்டுப் பஸ்கள் வந்து நிற்கும் இடத்துக்கு ஓடினேன். ஒவ்வொரு பஸ்ஸாக எட்டிப் பார்த்தேன். ஒன்றின் பின்படியில் அவள் இறங்கினாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. முன்பின் தெரியாத ஓர் அம்மா அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். பிறகு வந்தது பாருங்கள் பேச்சு!

"அந்த ஜிப்பாவ அப்பவே தூக்கிப் போடுங்கன்னு சொன்னேனா இல்லையாங்க?"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நடுரோட்டில் நின்று சிரித்தேன்.

நடந்தது இதுதான். மார்க்கெட்டில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக என் முகத்தைப் பார்த்திருக்கிறாள். பெயரைப் படிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த அந்த அம்மா, அதே போஸ்டரை முழுவதும் படித்துவிட்டு, கண்ணைத் துடைத்தபடி ஏறியவர். அவரும் நாவலாசிரியரின் வாசகி. "போனவரு இவரு இல்லம்மா. அவருகிட்ட நான் கையெழுத்தே வாங்கியிருக்கேன். ஒல்லியா, கறுப்பா இருப்பாரு. இது யாரு படத்தையோ மாத்திப் போட்டுட்டாங்க" என்று வழியெல்லாம் சொல்லிச் சொல்லி அழைத்து வந்திருக்கிறார்.

அவருக்கு நன்றி சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவரு மட்டும் இருந்திருந்தா, இத ஒரு நாவலாவே எழுதியிருப்பாரு சார்" என்று சிரித்தவர், சிரிப்பு முடிவதற்குள் உடைந்துவிட்டார். இந்த முறை என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நாவலாசிரியரின் ஒரு நாவலைக்கூடப் படிக்காதவள், அந்த அம்மாவோடு சேர்ந்து அழுதாள்.

மதியத்துக்குள் போஸ்டரையெல்லாம் கிழித்துவிட்டோம். ஆனால் இன்றும் எந்தச் சுவரில் கண்ணீர் அஞ்சலியைப் பார்த்தாலும், எனக்குத் தெரியாத ஆளாக இருந்தாலும், ஒரு நிமிடம் நின்று பெயரை முழுவதும் படித்துவிட்டுத்தான் நகர்கிறேன்; எந்தப் பஸ்ஸிலோ ஒருவர் அந்தப் பெயருக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார் என்பது எனக்குத் தெரியும்.