புத்தகத்தில் இல்லாத பையன்

எனக்குத் தையல் வராது. ஊசியில் நூல் கோப்பதற்குள் காபி ஆறிவிடும். அதனால்தான் எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் எனக்குப் படிக்கிற வேலை கிடைத்தது. ஹைதராபாத் தார்நாகாவில், எங்கள் அபார்ட்மென்டின் மூன்றாம் மாடியில் என் சிநேகிதி வீடு. அவள் ஹாலில் ஐந்து பேர் பாய் விரித்து உட்கார்ந்து பழைய சேலைத் துண்டுகளை இணைத்துப் போர்வை தைப்பார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து ஆங்கில நாவலைப் பார்த்துத் தமிழில் சொல்வேன். எல்லாம் ஒரே மாதிரி நாவல்கள்தான். எங்கோ பனி கொட்டும் ஊர், நாலைந்து பெண்கள், நடுவில் ஒரு போர்வை. அழுவார்கள், கட்டிக்கொள்வார்கள், கடைசிப் பக்கத்தில் போர்வை முடிந்துவிடும். ஒருத்தியும் இன்னொருத்தியைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். அதையெல்லாம் நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்லணும்.

என் பையன் அமெரிக்காவில் இருப்பதாகத்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவான் என்றும். உண்மையில் அவன் இருந்தது இதே ஹைதராபாத்தில், ஹைடெக் சிட்டி பக்கம் ஏதோ ஒரு வீட்டில். எந்த வீடு என்று எனக்குத் தெரியாது. கூட வேலை பார்க்கிற பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போவதாக வந்து நின்றான். "நான் செத்தப்புறம் கூட்டிட்டு வா" என்றேன். கோபத்தில் வருகிற வார்த்தைதானே, எந்த வீட்டில் சொல்லவில்லை? செருப்பை மாட்டிக்கொண்டு போனவன்தான். போன் நம்பரையும் மாற்றிவிட்டான். அதற்குப் பிறகுதான் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி பண்ணி இங்கே குடிவந்தோம். இங்கே யாரும் அவனைப் பார்த்ததில்லை, அதனால் பொய் சொல்வதும் சுலபமாக இருந்தது. அவன் பேச்சை எடுத்தால் என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, நாவலில் ரெண்டு பக்கத்துக்கு வெறும் பனி. இதைப் போய் எப்படிச் சொல்வது என்று பக்கத்தைத் திருப்பினேன். அந்தக் கதையில் குழந்தையில்லாத ஒரு கிழவி உண்டு. என் வாய் தானாக, "அவளுக்கும் ஒரு பையன் இருந்தான்" என்றது. மௌலா அலியிலிருந்து வரும் அக்கா, ஹைதராபாத்காரர்கள் ஆமாம் போடுகிற மாதிரி, "ஹவ், அப்புறம்?" என்றாள். நான் சொன்னேன். செருப்பு மாட்டிக்கொண்டு போனது, அதே ஊரில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருக்கிற பக்கம் எங்கோ குடியிருப்பது வரை சொன்னேன்.

புத்தகத்தைக் கொடுத்ததே சிநேகிதிதான். படித்துவிட்டுத்தான் கொடுத்திருந்தாள். அவள் மட்டும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அவள் மறுபடி குனிந்து தைத்தாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள், அவ்வளவுதான். இவளிடம் சொன்னது சாமியிடம் சொன்ன மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் எந்த நாவலை எடுத்தாலும் அதில் ஒரு பையன் வந்துவிடுவான். "அந்தப் பொம்பளைக்கு வாய்க்கொழுப்பு" என்பாள் ஒருத்தி. "அவனுக்கும் கல்நெஞ்சுதான், பெத்தவள இப்படியா விடுவான்" என்பாள் இன்னொருத்தி. எனக்கு ரெண்டுமே வேண்டியிருந்தது. படித்து முடித்ததும் காபி வரும், கூடவே என்னிடம் அதே கேள்வியும் வரும்: "பையன் பேசினானா? அமெரிக்காவுல குளிரா?" "பல்லு தந்தியடிக்குதாம்" என்பேன், கூசாமல். வருஷத்துக்கு ஒரு வீட்டுப் பிள்ளைக்குப் போர்வை என்பது எங்கள் வழக்கம். இந்த வருஷம் என் முறை. "அங்க குளிருமே, இது உன் பையனுக்குத்தான்டி" என்றாள் சிநேகிதி. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இருந்தாள். மதுரைப் பக்கம், ஐடி வேலை, வெள்ளை மனசு. போன மாசம் லிஃப்டில் என்னிடம், "ஆன்ட்டி, தப்பா நெனைக்காதீங்க. எங்க ஆபீஸ் ஹைடெக் சிட்டிலதான். பையன் வீடு எங்கன்னு நான் வேணா விசாரிக்கட்டுமா?" என்றாள்.

"எந்தப் பையன்?"

"உங்க பையன்தான், ஆன்ட்டி." என் முகத்தைப் பார்த்ததும் பதறிப்போனாள். "எல்லாருக்கும் தெரியுமே! நான் சேந்த அன்னிக்கே மூணாம் மாடி ஆன்ட்டி சொன்னாங்க. பையன் வந்தா அது புக்குல இல்ல, அவங்க சொந்தக் கதை, குறுக்க எதுவும் கேக்காத, பாவம், இப்படியாவது கொட்டட்டும்னு."

பாவமாம்! மூன்று வருஷமாக நான் பாவம். அடிப்பாவி, நீ சொன்னதைக்கூட விடு. தெரிந்துகொண்டே எந்த வாயால் என்னிடம் குளிரா என்று கேட்டீர்கள் எல்லோரும்? நான் பல்லு தந்தியடிக்கிறது என்றபோது குனிந்து முடிச்சுப் போட்டீர்களே, சிரிப்பை அடக்கவா? இரக்கம் என்றே வைத்துக்கொள்வோம். என் வீட்டுக் கதையை ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. ஒரு வாரம் வீட்டில் பாத்திரங்கள் என்னிடம் படாத பாடு பட்டன.

சனிக்கிழமை போனேன். போர்வையில் இன்னும் ரெண்டு வரிசைதான் பாக்கி. புத்தகத்தைப் பிரித்து, உள்ளதை உள்ளபடி நாலு பக்கம் சொன்னேன். பிறகு, பக்கத்தைத் திருப்பாமலே சொன்னேன்: "அந்தக் கிழவிக்கு மாடியில ஒரு சிநேகிதி இருந்தா. கிழவி தன் பையன் கதைய அவள நம்பித்தான் சொன்னா. அவ அதை ஊசியில கோத்து ஊருக்கே குடுத்தா. எல்லாரும் தெரிஞ்சுக்கிட்டே, பையன் சௌக்கியமான்னு வாரா வாரம் கேட்டாங்க."

மௌலா அலி அக்கா "அப்புறம்?" என்று கேட்கவில்லை. புதுப் பெண் அழுகிற மாதிரி தரையைப் பார்த்தாள்.

சிநேகிதி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "அது புக்குல இல்லையே" என்றாள், மெதுவாக.

"இல்லதான். இதை என்கிட்ட மொத நாளே சொல்லியிருக்கணும்டி நீ."

புத்தகத்தை மூடி அவள் மடியில் வைத்தேன். காபி வந்தது. எல்லோரும் குடித்தோம். அமெரிக்காவில் குளிரா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.