கீரைப் பாத்தியில் இரும்புச் சுருள்

சேரப்பணஞ்சேரியில் வீடு கட்டிக் குடிவந்ததும் வாசலோரம் ஒரு கட்டில் அகலத்துக்கு அரைக்கீரை விதைத்தேன். கம்பெனியில் நாள் முழுக்க இரும்பையே பார்த்துவிட்டு வருகிறவனுக்கு அந்தப் பச்சை பெரிய விஷயம். முளைவிட்ட மூன்றாம் நாளே பக்கத்து வீட்டுப் பூனை வந்து தோண்டி, காரியத்தை முடித்து, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போயிருந்தது. மறுபடி விதைத்தேன். மறுபடி வந்தது.

அந்த வீட்டு அக்காவுக்குப் புருஷன் இல்லை. மகளையும் கட்டிக் கொடுத்தாயிற்று. வேலைக்குப் போய்த் திரும்பினால் பேச்சுத் துணைக்கு அந்தப் பூனைதான்.

"பூனைய கட்டிப் போடுங்கக்கா" என்று கத்தினால், "பூனைய யாருனா கட்டுவாங்களா தம்பி? அதுக்கு நல்ல மண்ண பார்த்தா சும்மா இருக்க முடியாது" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் எனக்கு எரிச்சல். எலுமிச்சைத் தோல், மிளகாய்த்தூள், அந்துருண்டை எல்லாம் போட்டுப் பார்த்தேன். அது எதற்கும் அசையவில்லை. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஒருநாள் ஷிப்ட் முடிகிற நேரம். இரும்பைச் சீவும்போது விழுகிற சுருள்கள் மெஷினுக்கடியில் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றும் பிளேடு மாதிரி இருக்கும். ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டேன். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி பையைத் திறந்து பார்த்தார்.

"இன்னாபா இது?"

"வீட்ல பூனைத் தொல்லைண்ணா. அதுக்குத்தான்."

"அடப்பாவி! அது உன்ன இன்னாபா பண்ணுச்சு?"

நான் சிரித்தேன். பெரிய மூளைக்காரன் என்று நினைப்பு வேறு, சே.

பாத்தி முழுக்கத் தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டு மூடினேன். வெளியே தெரிந்திருந்தால் பூனை பார்த்து விலகிப் போயிருக்கும். விரட்ட நினைக்கிறவன் எதற்கு மூடி வைக்கிறான்? இதை எழுதவே எனக்குக் கூசுகிறது.

இரண்டாம் நாள் காலையில் அக்கா பூனையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். துண்டெல்லாம் ரத்தம்.

"தம்பி, உன் வண்டில ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறியா? கால ஊனவே மாட்டேங்குது."

மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் முன்னங்காலிலிருந்து ஒரு சுருளைப் பிடுங்கித் தட்டில் போட்டார். ஒரு விரல் தேறாது, எடுத்துவிட வேண்டும் என்றார்.

"இது எங்க குத்துச்சும்மா?"

அக்கா வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "ரோட்ல எதுனா லாரி கொட்டிக்கினு போயிருக்கும் சார்." எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும் வழியெல்லாம் பூனை கத்திக்கொண்டே வந்தது.

வந்ததும் வராததுமாகப் பாத்தியில் உட்கார்ந்து சுருள்களைப் பொறுக்க ஆரம்பித்தேன். யாரும் பார்ப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பதற்றம். நிமிர்ந்தால் மதிலுக்கு அந்தப் பக்கம் அக்கா நிற்கிறார்.

"வல்லத்துல எங்க கம்பெனியில தெனமும் இதத்தான் கூட்டி வாரிக்கினு கீறேன். பார்த்தா தெரியாதா தம்பி?"

திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்கு அதுதான் தெரியும். அவர் உள்ளே போய் ஒரு ஜோடி கிளவுஸ் கொண்டுவந்து மதில்மேல் வைத்தார்.

"வெறுங்கையால எடுக்காத. கிழிச்சிரும்."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எழுந்து போய், அந்த கிளவுஸை மாட்டிக்கொண்டேன்.