உள்பக்கத்துப் பேடு

மார்ச் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை, லொரெய்ன் பலுஷ்கா தன் வாழ்நாளில் முதல்முறையாகக் காரின் சக்கரத்தைத் தானே கழற்றினார். அவருக்கு அறுபத்தாறு வயது. பள்ளி உணவுக்கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். கணவர் எமில் வீட்டு வாசலில் காருக்கு அடியில் படுத்திருக்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது தவிர, வண்டி வேலை எதுவும் செய்ததில்லை.

செய்யவும் தேவை இருந்ததில்லை. எங்கள் தெருவில் பாதி வண்டிகளுக்குப் பிரேக் பேடு மாற்றியது எமில்தான். பனிக்காலம் முழுக்கப் பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டும் ஊர் இது. அந்த உப்பு காரின் அடிப்பாகத்தைத் தின்றுவிடும். துருப்பிடித்த போல்ட்டை உடைக்காமல் கழற்றத் தெரிந்தவரை எல்லோரும் தேடி வருவார்கள்.

அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு வாரம் முன்பு எமில் தன் காருக்கே முன்சக்கரப் பேடுகளை மாற்றினார். மறுநாளே இடது பக்கம் உராயத் தொடங்கியது.

“புதுப் பேடு. போகப் போகப் பழகிக்கும்” என்றார் எமில்.

பழகவில்லை. “பாட்டி, தாத்தா காரு பல்லைக் கடிக்குது” என்றாள் பேத்தி கெய்லி. அவளுக்கு எட்டு வயது. அவள் அம்மா டெனீஸ் மருத்துவமனை வேலைக்கு விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவதால், கெய்லியைப் பள்ளிக்குக் கொண்டுவிடுவது எமில்தான். தெரு செங்குத்தாக இறங்கும். இறக்கத்தின் முடிவில் ரயில் தண்டவாளம், அதைத் தாண்டினால் பள்ளி.

கிறிஸ்துமஸின்போது டெனீஸ் கேட்டிருந்தாள். “அம்மா, அப்பா வண்டி ஓட்டுறது சரியாத்தான் இருக்கா?”

“உன்னைவிட நல்லா ஓட்டுவாரு” என்று லொரெய்ன் வெடுக்கென்று பதில் சொன்னார்.

பிப்ரவரியில் ஒருநாள் எமில், பக்கத்து வீடான எங்கள் வாசல் பனியை வாரிப் போட்டுவிட்டுப் போனார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி மண்வாரியோடு வந்து நின்று, “இங்க யாரு வாரினது?” என்று கேட்டார். நன்றி சொல்லி அனுப்பினேன். லொரெய்னிடம் அதை நான் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கலாம் என்றால் எமிலுக்கு முட்டி வீங்கியிருந்தது. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தபடி கட்டளையிட்டார்.

“முதல்ல நட்டைத் தளர்த்து, சக்கரம் தரையில இருக்கும்போதே. தூக்கின அப்புறம் திருப்பினா சக்கரமும் கூடவே சுத்தும்.”

“தெரியும் எமில். முப்பது வருஷமா ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவ நான்.”

“அதுல பாதி தப்பான ஸ்பேனர். சரி, பின்சக்கரத்துக்குச் செங்கல் வெச்சியா? ஜாக்கியை நம்பாதே, ஸ்டாண்டு போடு. நட்டைத் தடவிக் கொடுக்கிறியா, கழட்டுறியா?”

“உன் கழுத்துன்னு நெனச்சுத் திருகுறேன், வந்துடும்.”

அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. எந்தப் போல்ட்டு முதலில், எவ்வளவு எண்ணெய், பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கழற்றியதும் அதன் குழாயில் தொங்கவிடாமல் எங்கே கம்பியால் கட்டவேண்டும் என்று எல்லாவற்றையும் வரிசை மாறாமல் சொன்னார். லொரெய்னுக்கு மனசு கொஞ்சம் லேசானது.

சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இரு பக்கமும் கவ்வும் பேடுகளில், வெளிப்பக்கத்துப் பேடு தடிமனாக, புதிதாக இருந்தது.

“நான் சொன்னேன்ல?” என்றார் எமில்.

உள்பக்கத்துப் பேடை லொரெய்ன் இழுத்து எடுத்தார். டிஸ்க்கில் உரசவேண்டிய அதன் கறுப்புப் பக்கம் துளிகூடத் தேயவில்லை. அதில், பேடைப் பின்னாலிருந்து தள்ளும் பிஸ்டனின் வளையத் தடம் மட்டும் பதிந்திருந்தது. பின்புறத்து இரும்புதான் டிஸ்க்கில் தேய்ந்து வெள்ளியாக மின்னியது. டிஸ்க்கில் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளங்கள்.

பேடு திருப்பி மாட்டப்பட்டிருந்தது. கைநடுக்கத்தில் வந்த தப்பு இல்லை இது. நேற்றுப் பழக ஆரம்பித்தவனும் செய்யமாட்டான்.

லொரெய்ன் அதைக் கந்தல் துணிக்குள் சுற்றப் போனார்.

“என்ன சத்தத்தையே காணோம்? கொடு இங்க.”

எமில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு முகம் சிவந்தது.

“எந்த முட்டாப்பய மாட்டினான் இதை? இரும்பை டிஸ்க்குப் பக்கமா வெச்சிருக்கான்! லொரி, எவன்கிட்ட கொடுத்தே வண்டியை?” என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார்.

விளையாடுகிறாரோ என்று லொரெய்ன் அவர் கண்ணைப் பார்த்தார். விளையாட்டு இல்லை.

“ஞாபகம் இல்ல” என்றார்.

“கெய்லி போற வண்டி இது! அந்த இறக்கத்துல பிரேக்கு பிடிக்காம தண்டவாளத்துல போய் நின்னிருந்தா? இனிமே அவன் கையில வண்டியைக் கொடுக்கவே கூடாது. சத்தியம் பண்ணு எனக்கு.”

லொரெய்ன் கையிலிருந்த கறையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பண்ணு, லொரி.”

“சத்தியம்” என்றார் லொரெய்ன்.

அன்று மதியமே புது டிஸ்க்கும் பேடும் வரவழைத்தார்கள். எமில் சொல்லச் சொல்ல லொரெய்ன் மாட்டினார். மாட்டும் முன் ஒவ்வொரு பேடையும் இரண்டு முறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். வலது சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தார்கள். அங்கே எல்லாம் சரியாகவே மாட்டியிருந்தது. “ஓட்டுறதுக்கு முன்னாடி பெடலை நல்லா அழுத்தி அழுத்தி விடு. முதல் தடவை காலுக்குப் பிடியே இருக்காது” என்றார் எமில். அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை காலை அவர் கோட்டு மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, லொரெய்ன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். கெய்லி பின்னால் இருந்தாள்.

“தள்ளி உட்காரு, லொரி.”

“இனிமே நானே ஓட்டறேன்.”

“முட்டி சரியாப் போச்சு எனக்கு.”

“முட்டிக்காக இல்ல. சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“யாருக்கு?”

“உனக்குத்தான்.”

எமில் கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றார். சனிக்கிழமை பேசியது அவருக்கு நினைவு வந்ததா, அந்த முட்டாள் யார் என்று புரிந்ததா, லொரெய்னுக்கு இன்றுவரை தெரியாது. “தாத்தா, மணி அடிச்சிரும்” என்று கெய்லி கத்தினாள். அவர் காரைச் சுற்றிப் போய் மறுபக்கம் ஏறிக்கொண்டார்.

இறக்கத்தில் சத்தமே இல்லை. கார் நல்ல பிள்ளையாக இறங்கியது. தண்டவாளம் வரும்வரை எமிலின் வலது கால் மட்டும், பெடல் எதுவும் இல்லாத தரையை அழுத்திக்கொண்டே இருந்ததாம்.