நூற்றுக்கு எண்பத்தொன்று

லோயிஸ் யாரையும் நம்ப மாட்டாள். திருப்பதியில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் தங்கி ஒரே கம்பெனிக்குப் போய்வருகிறோம். ஆட்டோவில் ஏறினால் போனில் மேப்பைத் திறந்துவைத்துக்கொண்டு டிரைவரை முறைத்தபடியே வருவாள். பால் பாக்கெட்டின் தேதியைக் கடைக்காரர் எதிரிலேயே இரண்டு முறை படிப்பாள். சித்தூரில் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம் அவளுடையது. அப்பா சுந்தர்ராஜ் பள்ளிக்கூட வாத்தியார். பரீட்சை ஹாலில் பிள்ளைகளைச் சந்தேகப்பட்டே ரிட்டயர் ஆனவர் என்று நான் கேலி செய்வேன். "ஆமா, எங்க நைனா கண்ணுல மண்ணைத் தூவ முடியாது" என்று பெருமையாகச் சொல்வாளே தவிர, கோபமே வராது.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையும் அப்படி. கண்ணாடி இழைக்குள் ஓடிவரும் ஒளியைச் சிப்புக்குள் ஏற்ற வேண்டும். இழையில் ஒளி ஓடும் பாதையே தலைமுடியைவிட மெல்லியது. சிப்பில் உள்ள பாதை அதைவிடப் பல மடங்கு குறுகல். அண்டாவிலிருந்து மருந்து பாட்டிலில் ஊற்றுகிற கதைதான், பாதி வெளியே போய்விடும். சிந்தாமல் ஏற்ற நடுவே புனல் மாதிரி ஒன்று வேண்டும். அதற்குப் பெயர் கப்ளர். சிப்பின் விளிம்பில் பாதையை ஊசிமுனைபோலக் கூராக்கி, இழையிலிருந்து வரும் ஒளியை அங்கே வாங்கி, மெல்ல மெல்ல உள்ளே சுருக்கிக் கொண்டுபோவது லோயிஸின் டிசைன். அந்த முனையை எவ்வளவு கூராக, எவ்வளவு நீளமாக வைப்பது என்று மூன்று வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள்.

அதே வேலைக்கு இன்னொருவனும் இருந்தான். கேசவன், நாகலாபுரத்துக்காரன். அவனுடைய கப்ளர் வேறு மாதிரி. சிப்பின் மேல்பரப்பில் சன்னமான வரிகளைச் செதுக்கி, மேலிருந்து ஒளியை இறக்குவான். நூற்றுக்கு அறுபத்துநாலு பங்கு ஒளி உள்ளே போனது. அடுத்து அச்சாகப் போகிற சிப்பில் ஒருவருடைய கப்ளருக்குத்தான் இடம். மேனேஜர் சடகோபன் சார் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார்: சிப்பில் ஏறாதவருக்கு மார்ச்சுக்கு மேல் வேலை இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு திங்கட்கிழமை லோயிஸின் சோதனைச் சிப் எண்பத்தொன்று காட்டியது.

"அடி என் தங்கமே!" என்று நான் கட்டிக்கொண்டேன். சடகோபன் சார் ஓடிப்போய் மைசூர்பாகு வாங்கிவந்தார். "வர்ற திங்கக்கிழமை இன்னொரு தபா அளந்து காட்டிடும்மா, உன் டிசைனையே அனுப்பிடலாம்" என்றார். எல்லோரும் தின்றோம். இவள் மட்டும் தொடவில்லை.

"கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டாலே அறுபதைத் தாண்டாது. இது எப்படிடி எண்பத்தொண்ணு வரும்? எவனோ கை வெச்சிருக்கான்" என்றாள்.

"எவன்?"

"வேற எவன், கேசவன்தான்."

"கெடுக்கணும்னா நம்பரைக் கொறைப்பானா, ஏத்துவானா? உனக்குப் புத்தி இருக்குதா?"

"ஏத்தினாத்தாண்டி நான் மாட்டுவேன். சிப் அச்சாகி வந்ததும் பல்லை இளிக்கும். அப்போ என் மானம் போவும், அவன் உக்காந்து பார்த்துக்கினு இருப்பான்."

மறுநாள் கேன்டீனில் எல்லோர் எதிரிலும் கேட்டேவிட்டாள். "இன்னா கேசவா, என் டேபிள்ல இன்னா பண்ணே?"

அவன் வாயில் வைத்த இட்லியோடு விழித்தான். "நான் இன்னா பண்ணேன்? நீதான் ஜெயிச்சிட்டியே, வுடேன்" என்று பாதித் தட்டோடு எழுந்து போனான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று அவளோடு நான் பேசவில்லை. அவளோ என் நெயில் பாலிஷை எடுத்துப் போய், யாராவது திருகினால் தெரியட்டும் என்று மெஷினின் ஒவ்வொரு ஸ்குரூவிலும் பொட்டு வைத்துவிட்டு வந்தாள். ஒரு பொட்டும் கலையவில்லை. அதற்கும் சந்தேகம், கில்லாடியாகச் செய்கிறானாம்.

அளக்கும் முறையைச் சொன்னால்தான் மீதி விளங்கும். முதலில் சிப் இல்லாமல் இழை முனையிலிருந்து வரும் ஒளியை அளந்து, அதை நூறு என்று வைத்துக்கொள்வார்கள். பிறகு நடுவில் சிப்பை வைத்து, எத்தனை பங்கு வருகிறது என்று பார்ப்பார்கள். லோயிஸ் முதல் அளவை வெள்ளிக்கிழமை எடுத்துவிட்டு சித்தூர் பஸ் ஏறுவாள். திங்கட்கிழமை வந்து முனையைத் துடைத்து, சிப்பை வைப்பாள்.

எங்கள் ஆபீசில் வெள்ளிக்கிழமை காலையில் சாம்பிராணி போடுவது வழக்கம். பெருக்கித் துடைக்கிற சுந்தராம்பாள் அக்காதான் தூபக்காலோடு சுற்றிவருவார். அந்த நேரத்தில் லோயிஸ் டீ குடிக்க வெளியே போய்விடுவாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. புகை அடங்கியபின் வந்து அளப்பாள். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அவள் போகவில்லை. கேசவனைக் கையும் களவுமாகப் பிடிக்க, அளக்கும் அறையில் அலமாரிக்குப் பின்னால் நின்றாள். என்னையும் இழுத்து நிறுத்தினாள்.

கதவு திறந்தது. வந்தது சுந்தராம்பாள் அக்கா. கேசவன் மேஜைக்கு ஒரு சுற்று காட்டினார். லோயிஸ் மேஜைக்கு வந்ததும் நின்று, இழை முனைக்கு நேராகத் தூபக்காலைப் பிடித்து, ஊதி ஊதிப் புகையை ஏற்றினார்.

"அக்கா! இன்னா பண்றே?"

"ஐயோ சாமி, பயந்தே பூட்டேன்! உன் மெஷினுக்குத்தாம்மா. 'லோயிஸ் நம்பர் ஏறலன்னு அழுதுக்கினு கீது, அதுக்குக் கொஞ்சம் ஜாஸ்தியா காட்டுக்கா'ன்னு போன வாரம் கேசவன் சார்தான் சொன்னாரு."

லோயிஸ் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். போன வெள்ளிக்கிழமை புகை படிந்த முனையிலிருந்து எழுபது பங்கு ஒளிதான் வந்திருக்கிறது. அதைத்தான் இவள் நூறு என்று வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை துடைத்ததும் ஒளி முழுசாக வந்தது, கணக்கு எகிறிவிட்டது. முனையைத் துடைத்துவிட்டு அப்போதே சிப் இல்லாமல் ஒரு முறையும் சிப்பை வைத்து ஒரு முறையும் அளந்தாள். ஐம்பத்தேழு.

நான் கதவைச் சாத்தினேன். "வாயைத் திறக்காதே. இன்னிக்குப் புகையோட அளந்து, திங்கக்கிழமை துடைச்சிட்டு அளந்தா அதே எண்பத்தொண்ணு வரும். எவனுக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமேடி" என்று சொல்லிவிட்டு, நேராகக் கேசவனிடம் போய் நடந்ததைச் சொல்லி, தன்னுடையது ஐம்பத்தேழுதான், அவனுடைய கப்ளரே சிப்பில் ஏறட்டும் என்றாள்.

அவன் கேட்டுவிட்டுச் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "இதுல இன்னா உள்குத்து? அன்னிக்கு எல்லார் எதிர்லயும் நான் திருடன். இன்னிக்கு எனக்கே தூக்கிக் குடுக்க வந்துட்டே. நாளைக்கு சிப்பு பாழாப்போனா என் தலையில கட்டலாம்னு பார்க்கறியா?"

"வா, உன் கண்ணு முன்னாடி அளக்கறேன்" என்றாள் லோயிஸ்.

அவன் வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அவள் துடைத்து அளந்தாள். ஐம்பத்தேழு. "நான் துடைக்கிறேன்" என்று எழுந்து அவனே துடைத்தான். ஐம்பத்தேழுதான். அவன் முகம் மாறியது.

"போதும் லோயிஸ்."

"போதாது. உனக்கு இன்னும் சந்தேகம் இருக்கும். இன்னொரு தபா பாரு." மறுபடி முனையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"நம்பறேன்னு சொல்றேன் இல்ல?"

"நெஜமாவே நம்பறியா, இல்ல என்னை சீக்கிரம் அனுப்பணும்னு சொல்றியா?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே அழுதுவிட்டாள்.