ஆர்.வி.யில் வடித்த கஞ்சி

தம்பி ஆர்.வி. எடுக்கலாம் என்று சொன்னபோது அது என்னவென்றே எனக்குத் தெரியாது. அடுப்பு, படுக்கை, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி என்று அவன் மகள் போனில் படம் காட்டினாள். "பெரியப்பா, யூ ஆர் ஆல்சோ கமிங்" என்றாள். பத்து வயது அவளுக்கு. தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். பெரியப்பா என்பதை மட்டும் சுத்தமாகச் சொல்வாள்.

சான் ரமோனில் தம்பி வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். அவன் மனு போட்டு, வருஷக்கணக்கில் காத்திருந்து, நாற்பத்தெட்டு வயதில் கிரீன் கார்டில் வந்தேன். ஒரு ஓட்டலில் சமையல் வேலை. அஞ்சாம் வகுப்போடு நின்றவன். தம்பி படிக்கட்டும் என்று நான் நின்றதாகக் கதை கட்ட மாட்டேன். எனக்குப் படிப்பு ஏறவில்லை, அவனுக்கு ஏறியது, அவ்வளவுதான். அவன் நண்பர்கள் வந்தால் நான் மாடியை விட்டு இறங்க மாட்டேன். கூச்சம். அப்படிப்பட்டவனை அவன் கூப்பிட்டான் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது. நாலு நாள் லீவு சொல்லிவிட்டு ஒரு புதுச் சட்டை வாங்கினேன்.

கூட வருவது யார் என்று கிளம்பும் அன்றுதான் தெரிந்தது. டெக்ஸாஸில் ரிச்சர்ட்சன் என்ற ஊரில் பெரிய பதவியில் இருக்கும் ஒருவர், அவர் மனைவி, மகன். அவர் மனசு வைத்தால் தம்பிக்கு அங்கே நல்ல வேலை. அவர்களை அழைக்க ஏர்போர்ட்டுக்குப் போகும் வழியில், தம்பி மனைவி மகளிடம் இங்கிலீஷில் தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். 'அங்கிள்' என்ற ஒரு சொல் மட்டும் என் காதில் விழுந்தது.

அவர்கள் வண்டியில் ஏறியபோது, அரிசி மூட்டையை நகர்த்திக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அந்த மனிதர், "சார் யாரு?" என்று கேட்டார்.

தம்பி சிரித்தான். "சாப்பாட்டுக்குக் கவலையே இல்ல. இவர் பாத்துப்பார்."

"அப்ப மாஸ்டர்னு சொல்லுங்க."

தம்பி அதற்கும் சிரித்தான். பொய் எதுவும் சொல்லவில்லை. இடம் வரும்போது சொல்வான் என்று நினைத்துக்கொண்டேன். 'இது எங்க அண்ணன்.' மூன்றே சொல். அதற்காகத்தான் நாலு நாளும் காத்திருந்தேன்.

பார்ஸ்டோ தாண்டியதும் வெறும் பொட்டல். ஒரு ஊர் என்றால் ஒரு பெட்ரோல் பங்க், மூடிக்கிடக்கும் ஒரு மோட்டல், பார்க்க வாருங்கள் என்று ஒரு போர்டு. ஒருத்தர் இரும்புக் கம்பிகளில் காலி பாட்டில்களைச் செருகி ஒரு தோப்பே போட்டிருந்தார். இன்னோர் இடத்தில் சிமெண்டில் டைனோசர், வயிற்றுக்குள் பொம்மைக் கடை. எல்லோரும் அதன் காலடியில் நின்றார்கள், நான் படம் எடுத்தேன். தம்பி மகள் என் கையைப் பிடித்து இழுக்க வந்தாள். அம்மாவைப் பார்த்தாள். "அங்கிள், ஒன் மோர் பிக்சர்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

தம்பி என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. "இங்க வாங்க", "கொஞ்சம் டீ" என்று மொட்டையாக. அந்த மனிதரோ வாய்க்கு வாய் மாஸ்டர்.

அவருக்குச் சர்க்கரை. குக்கர் சோறு ஆகாது, வடித்த சோறுதான் வேண்டும் என்றார். வேளைக்கு ஒரு பானை வடித்தேன். ஏழு பேருக்குச் சோறென்றால் கஞ்சி கொஞ்சமா வரும்? அதைப் பாத்திரம் கழுவும் தொட்டியில்தான் ஊற்றினேன். காலமெல்லாம் ஓட்டலில் செய்ததுதான். தொட்டித் தண்ணீர் எங்கேயும் போகாது, குளிக்கிற தண்ணீரோடு வண்டிக்கு அடியில் ஒரே டாங்கில் தேங்கி நிற்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவர் வீட்டம்மா குளிக்கப் போய்க் கத்தினார். தண்ணீர் இறங்கவில்லை. கீழிருந்து வெள்ளையாக, கொழகொழவென்று, பாலைவன வெயிலில் இரண்டு நாள் புளித்த கஞ்சி அவர் கணுக்கால்வரை ஏறியிருந்தது. வண்டி முழுக்க நாற்றம்.

எல்லோரும் வெளியே வந்து வெயிலில் நின்றோம். அந்த மனிதர் தமாஷாகத்தான் எடுத்துக்கொண்டார். "மாஸ்டர், எங்க வீட்டம்மாவுக்குக் கஞ்சி போட்டு விட்டுட்டீங்களே. இஸ்திரி ஒண்ணுதான் பாக்கி." அந்த அம்மா சிரிக்கவில்லை. அடுத்த தடவை வேறு ஆளாகப் பாருங்கள் என்று தம்பி மனைவியிடம் சொன்னார்.

தம்பி சொன்னான்: "அவர் அஞ்சாவதுதான் படிச்சவர். நான்தான் சொல்லிக் குடுத்திருக்கணும்."

என் படிப்பைச் சொல்ல அவனுக்கு வாய் வந்தது.

கழிவுநீர் கொட்டும் இடத்துக்கு வண்டியை ஓட்டிப் போனோம். குழாயைத் திறந்தால் சொட்டு சொட்டாகத்தான் வந்தது. கஞ்சியின் குணம் எனக்குத் தெரியும். பானை பானையாக வெந்நீர் போட்டு மேலே ஊற்றி, கீழே வந்து படுத்துக் கம்பியால் குத்தினேன். புதுச் சட்டை நாசமானது. தம்பி பக்கத்தில் வந்து குந்தினான். மற்றவர்கள் தூரத்தில் நிழலில் இருந்தார்கள்.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. வேலை விஷயம். அவர்கிட்ட மெதுவா சொல்லிக்கலாம்."

"வெந்நி எடுத்துட்டு வா" என்றேன்.

நாலாம் நாள் ஏர்போர்ட் வாசலில் பெட்டிகளை இறக்கிக் கொடுத்தேன். அவர் ஒரு நோட்டை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். "வச்சுக்கோங்க மாஸ்டர். உங்க கை ருசி வருமா? கஞ்சி விஷயத்த மறந்துடுங்க." நல்ல மனிதர்தான். அவர் மேல் எனக்கு ஒன்றுமில்லை. நான் தம்பியைப் பார்த்தேன். அவன் குனிந்து டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தான். நான் அவருக்குக் கும்பிடு போட்டேன்.

வண்டி கிளம்பி ஃப்ரீவேயில் ஏறியதும் பின்னால் இருந்து தம்பி மகள் என் தோளைத் தொட்டாள்.

"பெரியப்பா, ஆர் யூ மேட் அட் அஸ்?"

தம்பியிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். அது அவளிடம் போய் விழுந்தது.

"அங்கிள்னே கூப்பிடும்மா. நாலு நாளா அதானே கூப்பிட்டே?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள். தம்பி ரோட்டையே பார்த்து ஓட்டினான்.

இன்றுவரை அவள் என்னை அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறாள். சாப்பாட்டு மேஜையில் அது தம்பியின் காதிலும் விழுகிறது. அவன் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறான்.