பாக்ஸுக்குப் போட்ட பூஜை

நல்ல பொருள் வாங்க யோகம் வேண்டும் என்பார்கள். எனக்கு வாங்குகிற யோகம் இருந்தது, வைத்துக்கொள்கிற யோகம்தான் இல்லை. கிட்டாருக்கென்றே இங்கிலாந்தில் செய்த ஓர் ஆம்ப்ளிஃபயர் எங்கள் சிம்மக்கல் வீட்டில் மொத்தம் ஆறு நாள் உயிரோடு இருந்தது. அதன்பிறகு பல வருடங்கள் மர ஸ்டூலாக உழைத்தது.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்தெட்டு வயது. பகலில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர், திருவிழாக் காலங்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார். கிட்டார் என்று பெயர்தானே தவிர, நான் வாசிப்பது என் காதுக்கே கேட்காது. மைக் செட்காரர் ஒரே மைக்கை எனக்கும் வயலின்காரருக்கும் நடுவில் நிறுத்துவார். அது எப்படியோ வயலின் பக்கமே சாய்ந்துவிடும். குழுவில் இன்னொரு கிட்டார்காரனும் இருந்தான், அவனுக்கும் இதே கதிதான். ஒருநாள் குழுத் தலைவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, எழுமலைத் திருவிழாக் கச்சேரிக்கு யார் சொந்த பாக்ஸோடு வருகிறானோ அவனுக்குத்தான் இனி லீட் கிட்டார் என்று சொல்லிவிட்டார். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருப்பதை நாங்கள் பாக்ஸ் என்போம். பாட்டின் முக்கிய இசைத் துண்டுகளை வாசிக்கிறவர்தான் லீட். இந்த இடத்தை விட்டால் சாகிறவரை சங்கத்துப் பேரேட்டோடுதான் குடித்தனம் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

முதலில் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் சொந்தமாக பாக்ஸ் செய்து கொடுப்பார். சத்தத்துக்குக் குறைவில்லை. ஆனால் எந்தக் கம்பியைத் தட்டினாலும் காய்கறி மார்க்கெட்டில் ஏலம் விடுகிற மாதிரியே கேட்டது. இன்னொரு கிட்டார்காரன் அதிலேயே ஒன்றை வாங்கிக்கொண்டான். எனக்கு மனம் ஒப்பவில்லை. கண்டதைத் தின்று வயிற்றை நிரப்புகிற ஆள் இல்லை நான் என்ற திமிர் அப்போது எனக்கு நிறையவே இருந்தது.

ரயில்வே காலனியில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியா போகிறது, வீட்டுச் சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. இளவயதில் ரயில்வே கிளப் நடனங்களுக்கு வாசித்தவர். பாதி காலியான ஹாலில், கட்டிவைத்த டிரங்குப் பெட்டிகளுக்கு நடுவில் அந்தச் சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. அவர் சுவிட்சைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது, சத்தம் வரவில்லை. இது வால்வு, சூடேறட்டும் என்றார். பின்பக்கம் கண்ணாடி வால்வுகளுக்குள் இழை மெல்லப் பழுக்கிறதைப் பார்த்துக்கொண்டு இருவரும் நின்றோம். பிறகு அவருடைய கிட்டாரை என்னிடம் கொடுத்தார். அடிக்கம்பியை ஒருமுறை தொட்டேன். அந்த ஒலி காலடித் தரை வழியாக ஏறி நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்தது. பத்து வருடமாக நான் வாசித்துவந்தது இதுதானா! பேரம் பேசாமல் அவர் சொன்ன விலைக்கே ஒப்புக்கொண்டேன்.

மூன்று வருடச் சீட்டுப் பணம் அத்தோடு போயிற்று. வண்டியில் ஏற்றும்போது அவர் நல்ல தமிழில் புத்தி சொன்னார். சூடாக இருக்கும்போது அசைக்கக் கூடாது, மேலே துணி போட்டு மூடக் கூடாது, மேலே இருக்கிற காற்றுத் துவாரங்களை அடைக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றாதே என்று மட்டும் அவர் சொல்லவில்லை. யாராவது ஊற்றுவார்களா என்ன.

அது ஒரு சனிக்கிழமை. கச்சேரிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் எழுதி ஓய்வு பெற்றவர். என் கிட்டாரை அவர் ஒருநாளும் கிட்டார் என்று சொன்னதில்லை. என்னிடம் கேட்கவும் மாட்டார். 'உன் மகன் கூத்துக்குப் போயாச்சா' என்று அம்மாவிடம்தான் கேட்பார். அப்படிப்பட்டவர் பாக்ஸ் வந்த அன்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து அதைச் சுற்றிப் பார்த்தார். பிறந்த நாட்டின் பெயரைப் பொறித்திருந்த தகட்டை விரலால் தடவினார். அடுத்த நாள் நான் வாசித்தபோது கையில் பேப்பரோடு உள்ளறையிலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்தைத் திருப்பவே இல்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினாள். எனக்கு அன்றைக்கே லீட் கிட்டார் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

பூஜை போடாமல் புதுச் சாமானை வாசல் தாண்டி எடுத்துப் போகக் கூடாது என்றார் அப்பா. நாளும் அவரே குறித்தார், வெள்ளிக்கிழமை. முதல்நாள் விடியலில் பஸ் ஏறி அழகர்கோவில் போனார். முழங்கால் வலிக்காரர், மாடிப்படி ஏறவே முனகுகிறவர், மலைமேல் நூபுர கங்கைச் சுனை வரை நடந்தே ஏறி ஒரு சொம்பு தீர்த்தம் பிடித்து வந்தார். சந்நிதியில் கொடுத்த துளசியையும் அதில் போட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, கதம்பம் சாத்தினோம். நான் பிளக்கைப் பிடுங்கித்தான் வைத்திருந்தேன். அப்பா விடவில்லை.

"வண்டிக்குப் பூஜை போடும்போது இன்ஜின் ஓடணும்ல? ஓடுற சாமானுக்குத்தான்டா பூஜை. அணைச்சு வச்சுப் போட்டா அணைஞ்சுதான் கெடக்கும். போடு சுவிட்ச."

நியாயமாகத்தான் பட்டது. போட்டேன். அம்மா தேங்காயைத் தேடி, சூடம் நமுத்திருக்கிறதென்று வேறு சூடம் தேடி, எல்லாம் முடிய கால் மணி நேரம் ஆயிற்று. பெட்டி நன்றாகச் சூடேறிவிட்டது. அப்பா சூடம் காட்டினார். சொம்பை எடுத்து மாவிலையால் முன்பக்கம் தெளித்தார். மனம் நிறையவில்லை போலிருக்கிறது. உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, அழகர் பேரைச் சொல்லி, பெட்டியின் மேலே தாராளமாக விட்டார். காற்றுத் துவாரங்கள் மேலேதான் இருந்தன.

'டிக்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. கரண்ட் வாடை வந்தது, சிவப்பு விளக்கு அணைந்தது.

அப்பாவுக்கு அது கேட்கவில்லை, மணி அடித்துக்கொண்டிருந்தார். "எல்லாம் நல்லா நடக்கும் போ" என்று என் நெற்றியில் திருநீறு பூசினார். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பத்து வருடம் இருக்கும்.

அவர் குளிக்கப் போனதும் பின்பலகையைக் கழற்றினேன். பெரிய வால்வு இரண்டும் விரிசல் விட்டிருந்தன. உச்சியில் வெள்ளிபோல மின்னிக்கொண்டிருந்த பூச்சு, காற்றுப் புகுந்து பால் வெள்ளையாகியிருந்தது. இரண்டையும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு மெக்கானிக்கிடம் ஓடினேன். இந்த நம்பர் மதுரையிலும் கிடையாது, மெட்ராஸிலும் சந்தேகம்தான் என்றார். தண்ணீர் ஏதும் பட்டதா என்றும் கேட்டார். இல்லை என்றேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். எழுமலையில் அந்த ஏலக்கடைக் குரல் பாக்ஸை வாங்கியவன்தான் லீட் வாசித்தான். எனக்கு மொராக்கோஸ் என்கிற கிலுகிலுப்பையைக் கொடுத்தார்கள், ஆட்டினேன். லீட் அதன்பிறகு என்னிடம் திரும்பவே இல்லை.

கச்சேரி எப்படி என்று அப்பா கேட்டார். என்னிடமே கேட்டார். பாக்ஸ் ரிப்பேர் என்றேன். ஏன் என்றார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதரிடம் நீங்கள் மலையேறிக் கொண்டுவந்த தண்ணீர்தான் காரணம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வோல்டேஜ் திடீரென்று ஏறிவிட்டது என்றேன்.

அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். முப்பது வருடம் எழுதிய கை சும்மா இருக்குமா? வெள்ளைத்தாளை எடுத்துவைத்துக் கரண்ட் ஆபீசுக்கு மனு எழுத ஆரம்பித்தார். 'என் மகன் இசைக்கலைஞர்' என்று தொடங்கியது முதல் மனு. அந்த வார்த்தையை அவர் கையெழுத்தில் பார்த்தபோதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், அவர் கேட்டுக்கொண்டபடி சங்கத்து டைப்ரைட்டரில் அதை அடித்துக் கொடுத்தேன். பதில் இல்லை. இரண்டாவதையும் அடித்தேன். மூன்றாவதை அவரே நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, கவுண்ட்டரில் முத்திரை வாங்கி வந்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு லைன்மேன் மீட்டரோடு வந்தார். எல்லாப் பிளக்கிலும் பார்த்தார். வோல்டேஜ் சரியாகவே இருந்தது. அன்றைக்கு ஏறியிருக்கலாம் அல்லவா என்று அப்பா விடாமல் பேசி, பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். செத்த வால்வுகளைத் திரும்ப அதிலேயே செருகி வைத்திருந்தேன். வேண்டாம் என்றேன். அப்பா என்னை அதட்டினார். லைன்மேன் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே கைவிட்டு எதையோ எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். காய்ந்துபோன துளசி இலை.

"ஐயா, இது வோல்டேஜ் இல்ல. சூட்டுல தண்ணி பட்டு விரிஞ்சிருக்கு. யாரோ தண்ணிய ஊத்தியிருக்காங்க."

அவர் போனபிறகும் அப்பா அந்த இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "அன்னைக்கே தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். மூன்று மனுவின் நகல்களையும் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து, நான்காக மடித்து, அடுப்பில் வைக்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தார். அந்நியன் வாயால் கேட்க வைத்துவிட்டேனே என்ற கேவலம் இன்றைக்கும் எனக்குத் தீரவில்லை.

அந்த வருட ஆயுத பூஜைக்கு அருவாமனை, சைக்கிள், கிட்டார் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். பெட்டியையும் இழுத்து வைத்தேன். சமாதானம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு தீர்த்தச் சொம்பை அப்பாவிடம் நீட்டி, நீங்களே தெளியுங்கள், இனிமேல் அதற்கு என்ன ஆகப்போகிறது என்றேன். அந்தப் பேச்சு எவ்வளவு பெரிய அடி என்று வாயை விட்டு வந்தபிறகுதான் உறைத்தது. அப்பா சொம்பை வாங்கவில்லை. அம்மாவைத் தெளிக்கச் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டார்.

இடையில் எனக்குக் கல்யாணம் ஆகி, நான்கு வருடம் கழித்து மகள் பிறந்தாள். பிறந்த பிள்ளையின் நாக்கில் குடும்பத்துப் பெரியவர் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம், சேனை வைப்பது என்போம். ஆஸ்பத்திரியில் அப்பாதான் பெரியவர். கிண்ணத்தை அவரிடம் கொடுத்தேன். வாங்கினார். பிள்ளையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கிண்ணத்தை என் மாமனாரிடம் நீட்டினார்.

"நீங்க வைங்க சம்பந்தி. என் கைத்தண்ணி ஆகாது."