தராசில் ஏறிய கேமரா

என் கணவருக்குத் திண்டுக்கல்லில் வெங்காயக் கமிஷன் கடை. எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் தராசில் வைத்துப் பார்க்கிற மனிதர். கேமராவும் தப்பவில்லை.

தொண்ணூறுகளில் கொடைக்கானலில் குறிஞ்சி பூத்தபோது, பூக்களுக்கு நடுவே என்னை ஒரு படம் எடுக்கச் சொன்னேன். செங்கல் கனத்தில் ஒரு ஃபிலிம் கேமராவைத் தூக்கி வந்தார். கழுவி வந்த படத்தில் பூ இருந்தது, என் புடவை இருந்தது, கழுத்துக்கு மேலே நான் இல்லை. கனத்தில் கை இறங்கிவிட்டதாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். குறிஞ்சி மறுபடி பூக்கப் பன்னிரண்டு வருடம் காத்திருந்தேன்.

இந்த முறை உள்ளங்கை அளவில் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கினார். ஸ்டாண்டு வேண்டாம், உறை வேண்டாம், தோள்வாரும் வேண்டாம். மலையில் ஒவ்வொரு கிராமும் கிலோவாகக் கனக்கும் என்று எனக்குப் பாடம் வேறு எடுத்தார். கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் கடைக்குள் ஓடி, அதைத் தராசில் நிறுத்துவிட்டுப் பூரித்துப்போய் வந்தார். வத்தலக்குண்டில் பஸ் நின்றபோது பக்கத்து சீட்டுக்காரரிடமும் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னார்.

புளியோதரை, தண்ணீர், ஸ்வெட்டர்கள், அவருடைய குடை எல்லாம் என் தோள்பையில் இருந்தன. அந்தப் பையை அவர் நிறுக்கவே இல்லை.

மலைச்சரிவு முழுக்க நீலம். முந்தானையைச் சரிசெய்துகொண்டு பூக்களுக்கு நடுவே நின்றேன். பட்டனை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். அடிமூடியைத் திறந்து பார்த்தவர் முகம் செத்துவிட்டது. மூட்டையை நிறுத்தால் சாக்குக்கு, மண்ணுக்கு என்று எடையில் கழிவு பிடிப்பது அவர்கள் தொழில். அந்தப் பழக்கத்தில் பேட்டரியை உருவி வைத்துவிட்டு, கேமராவின் அசல் எடையைப் பார்த்திருக்கிறார். கழித்த பேட்டரி திண்டுக்கல்லில் தராசுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

எனக்கு அழுகை வந்தது. கோபம் அதைவிட அதிகமாக வந்தது. அடுத்த பூவுக்கு நான் கிழவியாகியிருப்பேன்.

கொஞ்ச தூரத்தில், கனத்த பழைய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சுற்றுலா வந்தவர்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார் ஒருவர். கைதட்டிக் கூப்பிட்டேன். அவர் கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தியதும், என் கணவர் தலையை வாரிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"செத்த தள்ளி நில்லுங்க," என்றேன். "உங்களக் கழிச்சிட்டு எடுக்கட்டும். அசல் எடைக்கு நான் ஒருத்தி போதும்."